சந்தேகத்தின் பேரில் போலீஸ் எடுத்துப்போன வண்டி

கேள்வி: 9 பிப்ரவரி 2025, மாலை 6.15

குற்றம் நிரூபணம் ஆகாமல் ஒருவருடைய சொத்தைப் போலீஸ் தொட முடியாது என்பது என் வாதம். சொத்துரிமை நம் அடிப்படை உரிமை. என் மைத்துனரின் காரை முந்தாநாள் வண்டலூர் பக்கம் நிறுத்தி எடுத்துப்போய்விட்டார்கள். ஓட்டியவன் வேறு ஆள். மைத்துனர் வாடகைக்குக் கொடுத்தவர், அவ்வளவுதான். அவர்மேல் வழக்கே இல்லை. இது சட்டவிரோதம்தானே?

9 பிப்ரவரி, இரவு 10.40

சட்டவிரோதம் இல்லை. அடிப்படை உரிமையும் இல்லை. 1978இன் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு சொத்துரிமை அந்த வரிசையிலிருந்து இறங்கி 300ஏ பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது, அவ்வளவுதான் அது சொல்வது. அந்த அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆவது பிரிவில் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தாலோ, ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று எண்ணவைக்கும் சூழ்நிலையில் அகப்பட்டாலோ, எந்தச் சொத்தையும் போலீஸ் அதிகாரி கைப்பற்றலாம். தீர்ப்பு வேண்டாம், வாரண்ட் வேண்டாம். உரிமையாளர் குற்றவாளியாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

நான் வக்கீல் இல்லை. ஒரு ஸ்கூட்டர் என்னை இவ்வளவு படிக்கவைத்தது.

10 பிப்ரவரி, காலை 7.05

ஸ்கூட்டர் கதையைக் கேட்கிறீர்கள்.

2023 செப்டம்பர். மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக் கீழே நின்ற என் வண்டியை அக்கா மகன் ஒரு மாலை எடுத்துப்போனான். அவன் தன் நண்பனிடம் கொடுத்தான். அந்த நண்பன் இன்னொருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கைப்பேசியைப் பறித்தான். பிறகு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, துடைத்து, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், அந்தப் பெட்ரோலை மட்டும் முடியவில்லை. மூன்று நாள் அதில் அலுவலகம் போய்வந்தேனே!

நான்காம் நாள் விடியற்காலை ஒரு எஸ்.ஐ.யும் ஏட்டும் வந்தார்கள். கேமராவில் வண்டி எண் விழுந்திருந்தது. "வண்டி உங்கள் பெயரில்தானே சார் இருக்கிறது?" என்றார் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். படிக்கட்டில் உட்கார்ந்து மகஜர், அதாவது எதைக் கைப்பற்றினோம் என்ற குறிப்பு, எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து எங்கள் காவலாளியும் தெருமுனை இஸ்திரிக்காரரும். மொத்தம் கால் மணி நேரம். ஏட்டு சாவியை வாங்கினார், வண்டியைக் கிளப்பினார், போய்விட்டார். கண்ணாடியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டும் போனது. அது மகஜரில் இல்லை. ஆகவே சட்டப்படி அது எங்கேயும் போகவில்லை.

10 பிப்ரவரி, காலை 9.20

திருத்தம். ஒருவர் சரியாகப் பிடித்தார். 102 பழைய எண். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால் அது இப்போது 106. என் வழக்கு பழைய சட்டக் காலத்தது, நாக்கில் 102தான் வருகிறது. உங்கள் மைத்துனருக்கு 106. புதிய சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் (105). பதிவு இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். எனக்கு அது இருந்திருந்தால் ஹெல்மெட் கிடைத்திருக்கும்.

12 பிப்ரவரி, இரவு 11.10

சொல் விஷயம் ஒன்று. "பறிமுதல்" என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், பத்திரிகைகளும் அப்படித்தான். 'கஞ்சா பறிமுதல்', 'பைக் பறிமுதல்', 'ரூ.50 ஆயிரம் பறிமுதல்'. ஆனால் நடப்பவை வேறு வேறு. போலீஸ் எடுத்து வைப்பது கைப்பற்றுதல். பொருள் இன்னும் உங்களுடையது, கையில்தான் இல்லை. உரிமையே அரசுக்குப் போவதுதான் பறிமுதல், பெயரிலேயே இருக்கிறது, முதலைப் பறித்தல். ஆர்.சி. இல்லை, பர்மிட் இல்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 207இல் நிறுத்திவைப்பது இன்னொன்று. அதற்கு ஆவணத்தைக் காட்டி மீட்கலாம்.

உண்மையான பறிமுதலைப் பார்க்க ஆசை இருந்தால் புதுச்சேரியிலிருந்து சீசாக்களோடு ஈ.சி.ஆரில் வந்து மாட்டிப் பாருங்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருக்காமலே, உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டுவிட்டு, மதுவிலக்கு அதிகாரியே வண்டியைப் பறிமுதல் செய்யலாம். பிறகு 'பொது ஏலம்' என்று விளம்பரம் வரும். அந்த விளம்பரங்களை இப்போதெல்லாம் வரி விடாமல் படிக்கிறேன். மற்றவர்கள் திருமண விளம்பரம் படிப்பதுபோல.

15 பிப்ரவரி, இரவு 9.50

எடுத்துப்போனது கால் மணி நேரம் என்றேன். திரும்பி வந்த கதை இது.

முதல் வாரம் நிலையத்துக்கு ஐந்து முறை போனேன். ரைட்டர், அதாவது நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர், நல்ல மனிதர், வேலைதான் கழுத்துவரை. "கோர்ட்டில் பெட்டிஷன் போடுங்கள் சார், எங்கள் கையில் இல்லை" என்றார். மூன்றாவது முறை போனபோது ஒரு கட்டு ஏ4 காகிதம் வாங்கிவரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். அதில் என் வண்டி பற்றி எத்தனை தாள் எழுதப்பட்டது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வண்டியைத் திருப்பித் தரச் சொல்லி, பழைய சட்டத்தின் 451இல் மனு (புதிய சட்டத்தில் 497). ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், ஆதார் நகல்கள். அரசு வக்கீல் ஆட்சேபணை சொல்ல ஒரு தேதி. போலீஸ் அறிக்கை வர ஒரு தேதி. நீதிபதி விடுப்பில் ஒரு தேதி. என் வக்கீல் வேறு நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தேதி. இந்த நான்காவதற்குப் போலீஸைத் திட்ட முடியாதல்லவா, அதனால் யாரையும் திட்டாமல் கேன்டீனில் வடை தின்றேன்.

அப்படியே டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி இரவு தொடங்கிய மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீட்டில் மின்சாரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எனக்கு மட்டும் ஒரு கூடுதல் கவலை. அந்த நிலையத்தின் பின்பக்கம் எங்கள் தெருவைவிடப் பள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். இருபது முப்பது வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இருக்கைவரை சேறு. என் வண்டியின் டிக்கியைத் திறந்ததும் ஒரு தவளை குதித்தது.

ஜனவரியில், பொங்கல் கழிந்து, உத்தரவு கிடைத்தது. சொந்தப் பிணைப்பத்திரம், நிறம் மாற்றக்கூடாது, விற்கக்கூடாது, கூப்பிட்டபோது கொண்டுவந்து காட்டவேண்டும். தள்ளிக்கொண்டு வந்தேன். மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, யாரோ இறந்த வீட்டில் நிற்பதுபோல நின்றார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், உச்ச நீதிமன்றம் 2002லேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைத்துப் பயனில்லை, புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிணை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள், பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடியுங்கள் என்று சொல்லிவிட்டது. இருபத்தொரு வருடம் கழித்தும் என் வண்டி நான்கு மாதம் நின்றது.

15 பிப்ரவரி, இரவு 11.30

தூக்கம் வரவில்லை. 102இன் மூன்றாம் உட்பிரிவை மறுபடி படித்தேன். கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது கடினம் என்றால், வைக்க இடம் இல்லை என்றால், விசாரணைக்குத் தொடர்ந்து தேவையில்லை என்றால், பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அதிகாரியே அதை ஒருவர் பொறுப்பில் விடலாம். நீதிமன்றம்வரை போகவேண்டாம். 106இலும் அப்படியே இருக்கிறது.

கைப்பற்ற'லாம்' என்பதிலும் ஒப்படைக்க'லாம்' என்பதிலும் இருப்பது அதே 'லாம்'தான். முதல் லாமுக்கு விடியற்காலையில் ஆள் வருகிறது. இரண்டாம் லாமை அந்த நிலையத்தில் யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. ரைட்டர் சொன்ன "எங்கள் கையில் இல்லை" பொய் இல்லை, அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். வண்டியைக் கொடுத்துவிட்டு நாளைக்கு நீதிமன்றத்தில் கேள்வி வந்தால் அவர் பதில் சொல்லவேண்டும். கொடுக்காமல் துருப்பிடிக்க விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் துருவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

16 பிப்ரவரி

வக்கீல் கட்டணம் எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வண்டியின் இன்றைய மதிப்பைவிட அதிகம். வேறு கேள்வி கேளுங்கள்.

23 பிப்ரவரி, மாலை 5.00

"இந்த அதிகாரத்தையே எடுத்துவிட வேண்டும்" என்று எழுதியவருக்கு.

நானும் ஆறு மாதம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் 2011இல் என் மனைவியின் தாலிச் சங்கிலியை, ஐந்து பவுன், கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது அறுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றே வாரத்தில் போலீஸ் மீட்டுக் கொடுத்தது. எப்படி மீட்டது? பிடிபட்டவனைக் கூட்டிக்கொண்டு ஒரு சிறிய நகரத்து அடகுக்கடைக்குப் போய், அங்கே இருந்ததைக் கைப்பற்றியது. அதே 102. அதே மகஜர். கடைக்காரர்மேல் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. சந்தேகம் மட்டும்தான். அன்று நான் அந்த எஸ்.ஐ.க்குக் கோயில் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீதிமன்றத்தில் அந்தக் கடைக்காரரும் நாங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "ரசீது போட்டுத்தான் வாங்கினேன் ஐயா" என்று என்னிடம் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருட்டு நகை வாங்குகிறவன் எல்லாம் ரசீதோடுதான் வருவான் என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து என் ஆர்.சி. புத்தகத்தை அதே மாதிரி கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த யாரிடமோ "என் பெயரில்தான் இருக்கிறது, பாருங்கள்" என்று காட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஞாபகம் வந்தது. அவர் நல்லவரா கெட்டவரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, அதுதான் விஷயம்.

24 பிப்ரவரி, காலை 6.40

திருத்தம், வீட்டிலிருந்து. "மூன்று வாரத்தில் கண்டுபிடித்தார்கள். நம் கைக்கு வந்தது பதினான்கு மாதம் கழித்து. நீங்கள் பாட்டுக்கு எழுதுகிறீர்கள், அந்தப் பதினான்கு மாதமும் மஞ்சள் கயிற்றோடு கல்யாண வீடுகளுக்குப் போனது நான்" என்கிறாள். வந்தது சங்கிலியும் இல்லை, உருக்கிய கட்டி. நாலே முக்கால் பவுன். தாலி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆக, எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கு நான்கு மாதம், அவளுக்குப் பதினான்கு மாதம். பறிகொடுத்தவளுக்கே இதுதான் கதி என்றால் சந்தேகத்துக்குள்ளானவனுக்கு என்ன அவசரம் காட்டப்போகிறார்கள்?

3 மார்ச், இரவு 8.15

நான் போன வாரம் ஒருவருக்குத் தனியாகச் சொன்ன யோசனை தவறு, இங்கேயே திருத்திவிடுகிறேன். கைப்பற்றியதை உடனடியாக நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தாமதித்தால் கைப்பற்றியதே செல்லாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வங்கிக் கணக்கு வழக்கில், ஷெண்டோ வர்கீஸ் வழக்கு, உச்ச நீதிமன்றம் 2024இல் வேறு மாதிரி சொல்லிவிட்டது. தாமதம் ஏன் என்று அதிகாரி பதில் சொல்லவேண்டும், ஆனால் தாமதத்தாலேயே எல்லாம் ரத்தாகிவிடாது. நீங்கள் என்னை நம்பி வக்கீலோடு சண்டை போட்டிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

8 மார்ச்

வங்கிக் கணக்கும் 'சொத்து'தானா என்று கேட்டவருக்கு: ஆம், 1999இல் தபஸ் நியோகி வழக்கிலிருந்து. வீடு, நிலம்? அது வராது. 2019இல் நெவாடா பிராப்பர்டீஸ் வழக்கில் அசையாச் சொத்தை 102இல் போலீஸ் கைப்பற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு சட்டங்களில் வேறு வழிகள் உண்டு, அமலாக்கத்துறைக் கதை தனி.

எங்கள் பேருந்து நிறுத்தத்தருகே பழச்சாறு விற்கிறவர் கடையில் ஸ்கேன் பலகையைத் திருப்பிப் போட்டிருந்தார். "காசாக் கொடுங்கள் சார்" என்றார். யாரோ எங்கேயோ ஏமாற்றிய பணத்தில் ஒருவன் இவரிடம் இரண்டு சாத்துக்குடி ஜூஸ் குடித்திருக்கிறான். வடமாநில சைபர் பிரிவு ஒன்று கேட்டதன் பேரில் வங்கி முழுக் கணக்கையும் முடக்கிவிட்டது. சந்தேகம் நூற்றிருபது ரூபாய்மேல், முடங்கியது மகளின் கல்லூரிக் கட்டணம். சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை இயக்க விடுங்கள் என்று சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். "அதை நான் யாரிடம் சார் காட்டுவது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஸ்கூட்டருக்காவது ஒரு நிலையம் இருந்தது, ஒரு ரைட்டர் இருந்தார், போய் நிற்க ஒரு வாசல் இருந்தது.

20 மார்ச், இரவு 10.00

அமெரிக்காவில் இருக்கிறவர் "இங்கே இப்படியெல்லாம் நடக்காது" என்று எழுதியிருக்கிறார். ஐயா, அங்கே பொருளின்மேலேயே வழக்குப் போடுகிறார்கள்! 'அமெரிக்க அரசு எதிர் சுமார் 64,695 பவுண்டு சுறாத் துடுப்புகள்' என்று ஒரு வழக்கு. விளையாட்டில்லை. 2008இல் மேல்முறையீட்டில் துடுப்புகள் பக்கம் தீர்ப்பானது. 1996இல் மிச்சிகன் மாநிலத்துப் பெண் ஒருவர், கணவன் காரில் வைத்துச் செய்த தப்புக்காகப் பறிபோன காரில் தன் பாதிப் பங்கையாவது கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். அறுநூறு டாலர் கார். குற்றமில்லாத உரிமையாளர் என்ற வாதமே அங்கே எடுபடவில்லை.

சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட பொருளைப் பற்றி நமக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு, கையில் சிலம்போடு மெரினாவில் நிற்கிறாளே. அவள் சிலையையே 2001 டிசம்பரில் எடுத்துப்போய், 2006 ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். நாலரை வருடம். என் நான்கு மாதத்தைப் பற்றி இனிப் புலம்புவதில்லை.

6 ஏப்ரல், காலை 11.20

முதல் கேள்வியைக் கேட்டவர் இப்போதுதான் முழு விவரம் சொல்கிறார். காரில் கஞ்சா இருந்ததாம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? இரண்டு மாதம் நான் பாட்டுக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போதைப்பொருள் சட்டத்தில் 60ஆவது பிரிவு. தனக்குத் தெரியாமல், தன் ஆளுக்கும் வண்டிப் பொறுப்பாளருக்கும் தெரியாமல் நடந்தது, முடிந்த எச்சரிக்கையெல்லாம் எடுத்தோம் என்று உரிமையாளர்தான் நிரூபிக்கவேண்டும். இல்லாவிட்டால் பறிமுதல். ஆனால் இந்த ஜனவரியில் பிஸ்வஜித் டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத்தில் வண்டியை விடுவிக்க இந்தச் சட்டத்தில் தடை இல்லை என்று சொல்லியிருக்கிறது. அசாமில் ஒரு லாரி. ஏறிய பயணியிடம் ஹெராயின், உரிமையாளர் குற்றவாளி இல்லை. உரிமையாளரிடமோ அவருடைய ஓட்டுநரிடமோ சரக்கு பிடிபட்டால் வண்டி சாதாரணமாகத் திரும்ப வராது. வண்டி திருடுபோயிருந்தாலோ, சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் ஏறிக் கொண்டுவந்திருந்தாலோ பிணையில் விடலாம். வாடகைக்கு எடுத்து ஓட்டியவன் இதில் எந்த வகை என்று உங்கள் வக்கீல்தான் வாதாட வேண்டும். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: காரின் நம்பர் பிளேட் வெள்ளையா (சொந்த உபயோகத்துக்கு), கறுப்பா (வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவதற்கு)? வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விட்டிருந்தால், 'முடிந்த எச்சரிக்கை எல்லாம் எடுத்தேன்' என்று அவர் சொல்லும்போது நீதிபதி முதலில் அதைத்தான் பார்ப்பார்.

6 ஏப்ரல், பகல் 1.05

வெள்ளையாம்.

11 ஜூன்

சம்மன் வந்திருக்கிறது. கைப்பேசிப் பறிப்பு வழக்கு விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். வரும் 19ஆம் தேதி 'சொத்தை ஆஜர்படுத்த' வேண்டும். வண்டி ஒன்றரை வருடமாக நகரவில்லை, காவலாளி அதன்மேல் துணி காயப்போடுகிறார். புகைப்படம் இருக்கிறதே, 2002 தீர்ப்பு அது போதும் என்கிறதே என்று வக்கீலிடம் கேட்டேன். "உத்தரவில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று இருக்கிறது, கொண்டுவந்துவிடுங்கள் சார்" என்றார். நான் வாதாடவில்லை. இஸ்திரிக்காரருக்கும் சம்மன். அவருக்கு ஒருநாள் வருமானம் போகும். "உங்கள் வண்டிக்கு ஒரு கையெழுத்துப் போட்டேன், என் பேத்தி கல்யாணத்துக்குக்கூட இத்தனை தடவை கூப்பிடவில்லை" என்கிறார்.

19 ஜூன், இரவு 9.30

குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகை ஆயிரத்து இருநூறு. வண்டியைக் கயிற்றால் கட்டி, பக்கத்தில் இஸ்திரிக்காரரை உட்கார வைத்து, நீதிமன்ற வளாகத்துக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண்ணும் வந்திருந்தார். அவருடைய கைப்பேசியும் ஒரு உறையில் வந்திருந்தது. அவர் அதை வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது, அந்த மாடலே இப்போது கடையில் இல்லை என்று சிரித்தார்.

எழுத்தர் ஒருவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். எண் பலகை சரி. நிறம் சரி. குனிந்து சேஸிஸ் எண்ணைத் தேடினார். கடைசி மூன்று இலக்கம் துருவில் தெரியவில்லை. மகஜரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதிரே ஹார்டுவேர் கடை இருக்கிறது சார், ஒரு உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுகிறோம்."

இரண்டு வாங்கினேன். ஒன்றை இஸ்திரிக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.